சாச்சா டிவிஷன் ஏறுன நாள்

ஜமால் சாச்சா, உங்க நாப்பதாம் நாள் ஃபாத்திஹா நேத்து முடிஞ்சிருச்சு. வந்தவங்க எல்லாரும் நல்லா சாப்புட்டாக. நெய்ச்சோறு பத்தாமப் போயிருமோன்னு சாச்சி பயந்துக்கிட்டே இருந்தாக, கடைசில ஒரு சட்டி மிஞ்சிருச்சு. நீங்க இருந்திருந்தா அந்தச் சட்டியத் தூக்கிப் பாத்துட்டு, "எட்டு கிலோ இருக்கும்"னு சொல்லிருப்பீங்க. அது எட்டா இருந்திருக்காது.

என்னடி நீ அழுவக் காணோம்னு நேத்து ரெண்டு மூணு பேரு கேட்டாக. நான் அழுது முடிச்சிட்டேன். நீங்க இருக்கும்போதே, அடுப்படில நின்னு அழுது முடிச்சிட்டேன். அந்த வலில நீங்க ராத்திரி முழிச்சுக் கெடந்ததப் பாத்தவளுக்கு இப்ப மனசு லேசாத்தான் இருக்கு. இதச் சொல்லக் கூடாதோ என்னமோ. ஆனா அதுதான் நெசம்.

சாச்சாவத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அவுக எங்க வாப்பாவோட கூடப்பொறந்த தம்பி. துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமால டைல்ஸ் கம்பெனில பேக்கிங் செக்‌ஷன்ல வேல. வாப்பா, உம்மா, நான் மூணு பேரும் இருந்த ஃப்ளாட்டுலதான் சாச்சாவும், ஹால்ல பாய விரிச்சுப் படுத்துக்கிருவாக. நாள் பூரா டைல்ஸ் பெட்டியத் தூக்குற மனுஷன். அதனால எதத் தூக்குனாலும் வெயிட்டு தெரிஞ்சிரும்னு அவுகளுக்கு ஒரு நெனப்பு. எங்க பில்டிங்ல யாரு லீவுல ஊருக்குப் போனாலும் பெட்டி கட்ட சாச்சாவத்தான் கூப்புடுவாங்க. கயிறு போட்டு இறுக்குறதுல அவுகள அடிச்சுக்க ஆளு கெடையாது. வெயிட்டு சொல்றதுலதான் கோளாறு. பெட்டிய ஒரு கையில தூக்கி, கண்ண மூடி, "இருபத்தெட்டரை. மேல ரெண்டு சோப்பு வேணா வச்சுக்கங்க"ம்பாக. ஏர்போர்ட்ல முப்பத்திமூணு காட்டும். அந்தாளு லீவு முடிஞ்சு வந்து சண்டைக்கு நின்னா, "ஏர்போர்ட் மிஷின்ல கோளாறு காக்கா, நான் என்ன செய்ய"ன்னு சொல்லிச் சிரிப்பாக. காக்கான்னா எங்க வழக்கத்துல அண்ணன்.

சாச்சாவுக்கு ரெண்டு பைத்தியம். ஒண்ணு பெட்டி கட்டுறது. இன்னொண்ணு மெக்சிகோ.

மெக்சிகோன்னா ஊரு இல்ல. ஒரு குத்துச்சண்டைக்காரன். பேரு எனக்கு அப்பவும் வாயில நுழையல, சாச்சாவுக்கும் நுழையல. அதனால "நம்ம மெக்சிகோ"தான். பக்கத்து ஃப்ளாட்டுல ரோமி அங்கிள்னு ஒரு ஃபிலிப்பினோ இருந்தாரு, சாச்சா கம்பெனிலதான் அவருக்கும் வேல. அவரு டிவில அந்தச் சேனல் வரும். அமெரிக்காவுல சனிக்கிழம ராத்திரி நடக்குற ஃபைட்டு எங்களுக்கு ஞாயித்துக்கிழம காலைல வரும். அப்பல்லாம் அங்க ஞாயித்துக்கிழம ஸ்கூல் உண்டு. நான் யூனிஃபார்ம் போட்டு, பைய மாட்டிக்கிட்டு, வேன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் ரோமி அங்கிள் வீட்டுச் சோபாவுல சாச்சா பக்கத்துல உக்காந்து பாப்பேன். ஒன்பது வயசுல எங்க கிளாஸ்ல அப்பர்கட்டுன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே பொட்டப்புள்ள நான்தான்.

மொதத் தடவ சாச்சா பாத்தப்ப அந்த மெக்சிகோ ரொம்ப ஒல்லியா இருந்தானாம். கண்ணுக்கு மேல வெட்டு, ரத்தம் ஓடுது. ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் ஸ்டூலப் போடுறாங்க, இவன் உக்கார மாட்டேங்கிறான். நின்னுக்கிட்டே தண்ணி குடிக்கிறான். "அதப் பாத்ததும் நான் அவன் கட்சி ஆயிட்டேன்"னு சாச்சா சொல்லுவாக. ரோமி அங்கிளுக்கு அவன ஆகாது. அவரு ஊருக்காரன் ஒருத்தன அவன் தோக்கடிச்சுட்டான்.

"ஜமால் பாய், யுவர் மெக்சிகோ, லக்கி மேன். ஒன்லி லக்கி"ம்பாரு.

"லக்கியா? தீன் பெல்ட் லக்கில வருமா? போ போ, சாயாவக் குடி"ம்பாக சாச்சா.

மூணு பெல்ட்டு, அதாவது மூணு சாம்பியன் பட்டம்ங்கிறது சும்மா இல்ல. குத்துச்சண்டைல எடைய வச்சுத்தான் ஆளப் பிரிப்பாங்க. அதுக்குப் பேரு டிவிஷன். சின்ன ஆளுக இருக்குற டிவிஷன்ல ரெண்டு கிலோ, மூணு கிலோ கூடுனாப் போதும், அடுத்த டிவிஷன். "ரெண்டு கிலோதானேன்னு நெனைக்காத புள்ள. அங்க இருக்கவன் எலும்பே வேற. ரெண்டு கிலோல மனுஷன் தலையெழுத்து மாறிரும்"னு எனக்குப் பாடம் நடத்துவாக. நம்ம மெக்சிகோ ஒரு டிவிஷன்ல ஜெயிச்சு, அடுத்ததுக்கு ஏறி அங்கயும் ஜெயிச்சு, இன்னும் ஒண்ணு ஏறி அங்கயும் ஜெயிச்சவன். ஹெல்ப்பரா வந்து ஃபோர்மேன் ஆகி சூப்பர்வைசர் ஆன மாதிரின்னு சாச்சா கம்பெனில எல்லாருக்கும் விளக்கி வச்சிருந்தாக.

ஆனா சாச்சாவுக்கு ஃபைட்ட விட அதுக்கு மொத நாளு எடை பாக்குறதுதான் உசுரு. மெஷின் மேல ஏறுவான் நம்ம மெக்சிகோ. ஒரு நூறு கிராம் கூடக் காட்டும். வாட்சக் கழட்டுவான். கழுத்துச் செயினக் கழட்டுவான். அப்பவும் கூடக் காட்டுனா ரெண்டு பேரு துண்டப் புடிச்சு மறைச்சுக்கிருவாங்க, அவன் உள்ள மிச்சத்தையும் கழட்டிருவான். அந்த நேரம் பாத்து உம்மா வந்து என் கண்ணப் பொத்தும். "என்ன எழவப் புள்ளைக்குக் காட்டுறீங்க தம்பி"ன்னு கத்தும்.

"மதினி, இது பாடம். நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு ஒதவும்"பாக சாச்சா.

ஒதவுச்சு. எப்படி ஒதவுச்சுன்னு சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அந்த வருஷம் வாப்பா கம்பெனில ஆள் கொறைச்சாங்க. வாப்பாவ நிறுத்தல, சம்பளத்தக் கொறைச்சு வேற வேலைல போட்டாங்க. ஃபேமிலி விசா கேன்சல். இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. எங்கிட்டச் சொன்னது, "லீவுக்கு ஊருக்குப் போறோம்"னு. அதோட சாச்சாவுக்கு ஊருல பொண்ணு பாத்து முடிவாயிருந்துச்சு, நிக்காஹுக்கு அவுகளும் எங்ககூட ஒரே ஃப்ளைட்ல வர்றாக. எனக்கு ஒரே கொண்டாட்டம். லீவு, கல்யாணம், சாச்சா பக்கத்துல ஜன்னல் சீட்டு. வாப்பா மட்டும் வரலன்னாக. பின்னாடி வருவாகன்னு நெனச்சேன்.

உம்மா வச்சிருந்தது ஒரு தையல் மிஷின். கல்லு மாதிரி கனம், இரும்பு. பில்டிங்ல இருக்குற பொம்பளைகளுக்கெல்லாம் உம்மாதான் தச்சுக் குடுக்கும். சுடிதாரு, அபாயாவுக்குக் கையி, மலையாளத்துப் பொம்பளைகளுக்கு பிளவுசு. அந்த மிஷினத்தான் மொதப் பொட்டியில வச்சுச்சு. அதப் பாத்த வாப்பா, "அத விட்டுட்டுப் போ, அப்புறம் கார்கோல அனுப்புறேன்"னாக. உம்மா காதுல வாங்காம பொட்டிய மூடுச்சு. வாப்பாவோட "அப்புறம்" எப்படி இருக்கும்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். மூணு வருஷமா அப்புறம் அப்புறம்னு பாத்ரூம் குழா ஒழுகிக்கிட்டு இருந்துச்சு.

சாச்சாதான் வந்து அந்தப் பொட்டியத் தூக்கிப் பாத்து, கண்ண மூடி, "ஒண்ணும் பிரச்சன இல்ல காக்கா. மூணு பேரு வெயிட்டையும் ஒண்ணாச் சேத்துப் பாத்தா ரெண்டு கிலோ மிச்சம் வரும்"னாக.

"டேய் ஜமாலு, ரோமிகிட்ட தராசு இருக்கு. வாங்கிப் பாத்துருவோம்"னாக வாப்பா.

"தராசு எதுக்கு? கை இருக்குல்ல?"

கைதான் இருந்துச்சு.

சாச்சாவோட பொட்டி தனியா, புதுசு, மெரூன் கலரு, சக்கரம் வச்சது. மாப்பிள்ள பொட்டி. அதுக்குள்ள பொண்ணுக்கு மூணு சேல. அதுல ஒண்ணு நிக்காஹுக்கு, செவப்புல தங்கச் சரிகை. உம்மாவும் சாச்சாவும் துபாய் போயி நாலு கட ஏறி எறங்கி எடுத்தது. மாமனாருக்கு வாட்சு, ரெண்டு மச்சானுக்கும் ஆளுக்கொரு வாட்சு, மாமிக்கு அத்தரு, பிள்ளைகளுக்கு சாக்லேட்டு, டேங்கு ஜூஸ் பவுடரு, தைலம், சோப்பு. எங்க ஊருல சபுராளி, அதான் வெளிநாட்டுல வேல பாக்குறவன், வீட்டுக்கு வந்து எறங்குனா ஆளப் பாக்குறதுக்கு முன்னாடி பொட்டியத்தான் பாப்பாங்க. அதுலயும் மாப்பிள்ளைன்னா, பொண்ணு வீட்டுல நடுக்கூடத்துல வச்சுத் தொறப்பாங்க, தெருவே வந்து நிக்கும். வருஷக்கணக்கா சேத்து வாங்குனது அந்தப் பொட்டி. சாச்சா ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி அதத் தொறந்து ஒரு தடவ பாத்துட்டுத்தான் படுப்பாக.

நாங்க கெளம்புற நாளும் ஞாயித்துக்கிழமதான். அன்னைக்குத்தான் நம்ம மெக்சிகோவுக்கு நாலாவது டிவிஷன். எதிரில நிக்கிறவன் இவன விட ஒரு தல ஒசரம், கை நீளம். "வேண்டாத வேலடா, மூணு போதாதா"ன்னு சாச்சாவே டிவியப் பாத்துச் சொன்னாக. வெளிய வாப்பா டாக்ஸியக் கொண்டாந்து நிறுத்தி ஹாரன் அடிக்கிறாக. அப்ப பாதி ஃபைட்டு கூட முடியல. மெக்சிகோவுக்கு வாயில ரத்தம். ஸ்டூலப் போட்டாங்க. உக்காரல.

"யல்லா ஜமால் பாய், கோ, கோ! ஐ வில் மெசேஜ்"னு ரோமி அங்கிள் சாச்சாவப் புடிச்சு வாசல்ல தள்ளுனாரு. அப்படியே எனக்கு ஒரு பாக்கெட்டு பிஸ்கட்டக் குடுத்து, கண்ணத் தொடச்சாரு. மெக்சிகோ தோக்குறதுக்கு இவரு ஏன் அழுவுறாருன்னு எனக்கு வெளங்கல.

ஏர்போர்ட்ல கவுண்டர்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணுதான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. எல்லாப் பொட்டியையும் வச்சுப் பாத்து, "டூ மச், சார். டென் கிலோ எக்ஸ்ட்ரா"ன்னுச்சு. கைப்பையையும் வைக்கச் சொல்லுச்சு. அதுவும் முட்டிக்கிட்டு நிக்குது. வாப்பா சாச்சாவப் பாத்தாக. சாச்சா மிஷினப் பாத்தாக.

"இந்த மிஷின்ல ஏதோ கோளாறு..."ன்னு ஆரம்பிச்சாக.

"வாய மூடுறியா?"ன்னாக வாப்பா.

பின்னாடி க்யூ நிக்குது. காசு கட்டலாம்னா அதுக்கு அவங்க சொன்ன ரேட்டுக்குப் புது மிஷினே வாங்கிரலாம். வாப்பா குனிஞ்சு தையல் மிஷின் இருந்த பொட்டியோட கயிற அவுக்க ஆரம்பிச்சாக. "அப்புறம் அனுப்புறேன். கண்டிப்பா அனுப்புறேன்." உம்மா பர்தாவோட நுனியப் புடிச்சுக்கிட்டு அந்தக் கயித்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அந்த மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எனக்கு அப்ப, இது என்ன, லீவு முடிஞ்சு வந்து தச்சுக்கிட்டாப் போச்சுன்னுதான் தோணுச்சு.

சாச்சா வாப்பா கையப் புடிச்சாக. "காக்கா, கயித்த விடுங்க. நான் கட்டுனது, ஒங்களுக்கு அவுக்க வராது."

அப்புறம் அவுக மெரூன் பொட்டியப் படுக்கப் போட்டு ஜிப்ப இழுத்தாக. சேல மூணையும் எடுத்துத் தோள்ல போட்டாக. சட்ட, பேண்ட்டு, வாட்சு டப்பா, அத்தரு, எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைல அள்ளிப் போட்டாக. சாக்லேட்டையும் டேங்கையும் சோப்பையும் எடுத்துப் பொட்டிக்குள்ளயே திரும்ப வச்சு வாப்பாகிட்ட நீட்டுனாக.

"இத ரோமிக்குக் குடுத்துருங்க. மெக்சிகோ பேரச் சொல்லித் திங்கட்டும்."

"தம்பி, வேணாம்"னுச்சு உம்மா. அதுதான் அங்க உம்மா பேசுன மொத வார்த்த. "மாப்பிள்ளையா போற எடத்துல... வேணாம் தம்பி."

"மதினி, மிஷினு பறக்குது. நீங்க பாஸ்போர்ட்ட எடுத்து வைங்க. டிவிஷன் ஏறிட்டு வந்துர்றேன்"னு சொல்லிட்டு பாத்ரூம் பக்கம் போனாக.

போகும்போது சாச்சா ஈர்க்குச்சி. மெக்சிகோவோட மொத டிவிஷன்தான் இருப்பாக. நான் வாசலயே பாத்துக்கிட்டு நிக்கிறேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு குண்டு மனுஷன் வெளிய வந்தாரு. கை ரெண்டும் ஒடம்போட ஒட்டாம வெலகி நிக்குது, பெங்குயின் மாதிரி. வயிறு முன்னாடி தள்ளிருக்கு. மேல கோட்டு, கல்யாணக் கோட்டு, பட்டன் போட முடியல. சட்ட மேல சட்ட, பேண்ட்டுக்குள்ள பேண்ட்டு. இடது கையில மூணு வாட்சு. மூஞ்சி மட்டும் சாச்சா மூஞ்சி.

நான் சத்தமாக் கத்திட்டேன், "சாச்சா ஹெவிவெயிட் ஆயிட்டாக!"

கவுண்டர் பொண்ணு வாயப் பொத்திச் சிரிச்சுச்சு. க்யூல நின்ன பாகிஸ்தானி ஒருத்தரு கை தட்டுனாரு. சாச்சா ரெண்டு கையையும் ஒசத்தி, ஜெயிச்சவன் மாதிரி ஒரு சுத்து சுத்தி வந்து நின்னாக. தையல் மிஷின் பொட்டி பெல்ட்டுல ஏறி உள்ள போச்சு. அது அந்த ரப்பர் பட்டைக்குப் பின்னாடி மறையிற வரைக்கும் உம்மா கண்ண எடுக்கல.

வாப்பாவ உள்ள விட மாட்டாங்க. கம்பி கிட்ட நின்னாக. கையில மெரூன் பொட்டி. பொட்டியும் கையுமா நிக்கிறதப் பாத்துட்டு எனக்கு வாப்பாவும் வரப் போறாகன்னு சந்தோஷமாப் போச்சு. "வாப்பா, சீக்கிரம் வாங்க, ஃப்ளைட் போயிரும்"னு கத்துனேன். வாப்பா தலைய ஆட்டுனாக. ஆட்டிக்கிட்டே இருந்தாக.

செக்யூரிட்டில உம்மாவ பொம்பளைக பக்கம் அனுப்புனாங்க. நான் சாச்சா கையப் புடிச்சுக்கிட்டு ஆம்பளைக வரிசைலயே போயிட்டேன். அந்தக் கதவு மாதிரி இருக்குமே, அதுக்குள்ள சாச்சா நொழஞ்சதும் கீச்சுன்னு கத்துச்சு. மூணு வாட்சையும் கழட்டி வச்சாக. திரும்ப நொழஞ்சாக. திரும்பக் கத்துச்சு. ஒரு அரபிப் போலீஸ்காரரு வந்தாரு, நல்ல ஒசரம், மீச இல்லாத தாடி. சாச்சா வயித்த ஒரு விரலால அழுத்திப் பாத்தாரு. மெத்துன்னு உள்ள போச்சு.

"ஷூ ஹாதா?"ன்னாரு. இது என்னன்னு கேக்குறாரு.

சாச்சாவுக்கு வேர்வை ஆறா ஓடுது. "சார்... கபடா, சார். கபடா"ன்னாக, துணிதான்னு.

கோட்டக் கழட்டச் சொன்னாரு. சட்டையக் கழட்டச் சொன்னாரு. இன்னொரு சட்ட. இன்னொண்ணு. எனக்குச் சிரிப்பு போயிருச்சு. வெயிட்டு கூடுனதுக்குப் போலீஸ் புடிக்குதுன்னு நெனச்சு சாச்சா பேண்ட்டப் புடிச்சுக்கிட்டேன். கடைசில பனியனுக்கு மேல, நெஞ்சுலேர்ந்து இடுப்பு வரைக்கும் சேல சுத்திருக்கு. போலீஸ்காரரு முந்தானையப் புடிச்சு இழுத்தாரு. சாச்சா சுத்துனாக. சுத்தச் சுத்த சேல வருது. மொத நீலம். அப்புறம் பச்சை. எல்லாத்துக்கும் உள்ள, நெஞ்சோட ஒட்டி, அந்தச் செவப்பு. சரிகதான் மெஷினக் கத்த வச்சிருக்கு போல. அந்த லைட்டு வெளிச்சத்துல அது ஏர்போர்ட்டு தரையில கெடந்து மின்னுச்சு. க்யூவே எட்டிப் பாத்துச்சு.

போலீஸ்காரரு சேலையப் பாத்தாரு. சாச்சாவப் பாத்தாரு. சாச்சா பனியனோட, கைய மாருல கட்டிக்கிட்டு, மறுபடி அந்த ஈர்க்குச்சி ஒடம்போட நிக்கிறாக.

"அரூஸ்?"ன்னாரு. பொண்ணுக்கான்னு கேக்குறாரு.

சாச்சா தலைய மட்டும் ஆட்டுனாக.

அந்த மனுஷன் குனிஞ்சு, தன் கையால அந்தச் செவப்புச் சேலையத் தரையிலேர்ந்து எடுத்து, தூசி தட்டி, சாச்சா கையில குடுத்தாரு. "மப்ரூக், யா அகீ. மப்ரூக். யல்லா, ரூஹ், ரூஹ்." வாழ்த்துக்கள், போங்கன்னு சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. பின்னாடி நின்ன ரெண்டு பேரு சாச்சாவுக்குத் திரும்பச் சுத்தி விட்டாங்க. ஒரு மலையாளி நுனியப் புடிக்க, ஒரு பங்களாதேஷ்காரரு சுத்த, நான் வாட்சுகள வச்சுக்கிட்டு நின்னேன்.

அந்தப் பக்கம் உம்மா வந்து நின்னு எல்லாத்தையும் பாத்துருச்சு போல. மூஞ்சிய மூடிக்கிட்டுத் தோள் குலுங்குது. நாலு பேரு முன்னாடி சாச்சாவ அவுத்துப் போட்டுப் பாத்தது உம்மாவுக்கு வெக்கமாப் போச்சுன்னு நெனச்சேன்.

அப்பத்தான் சாச்சா ஃபோன் டிங்குன்னுச்சு. ரோமி அங்கிள் மெசேஜ். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். மெக்சிகோ பாயிண்ட்ல தோத்துட்டான். ஆனா பன்னெண்டு ரவுண்டும் நின்னான். ஒரு தடவ கூட கீழ விழல.

எனக்கு அழுக வந்துருச்சு. "தோத்துட்டான் சாச்சா!"

சாச்சா சிரிச்ச சிரிப்புல உள்ள இருந்த சேல அவுந்துரும்போல ஆச்சு. "போகட்டும் புள்ள. நின்னான்ல? நாலு டிவிஷன் ஏறி நின்னான்ல? அது போதும்."

திருச்சில எறங்குற வரைக்கும் அவுக சீட்டுல சாய முடியாம நிமிந்தே உக்காந்திருந்தாக. பெல்ட்டு பத்தல.

ஊருல பொண்ணு வீட்டுல நடுக்கூடத்துல பாய் போட்டு, தெருவே வந்து நின்னுச்சு. பொட்டி வரல. மாப்பிள்ள ஒரு பிளாஸ்டிக் பையோட வந்தாக. ஒரு கிழவி, "அஞ்சு வருஷம் சபுரு போயி மளிகைக் கட பையோட வந்திருக்காரு"ன்னு சத்தமாவே சொன்னுச்சு. மூணு வாட்சையும் குடுத்தாக. சேலைய விரிச்சா கசங்கிருக்கு, வேர்வை வாடை. சாச்சா ஒண்ணும் விளக்கம் சொல்லல. தையல் மிஷின் கதைய வாயே தொறக்கல. உம்மாதான் மறுநாள் போயி சாச்சிகிட்டத் தனியாச் சொல்லிட்டு வந்துச்சு. சாச்சி அந்தச் சேலையத் தொவைக்கக் கூட விடாம, கசங்குன மாதிரியேதான் நிக்காஹுக்குக் கட்டுனாக. "எல்லா மாப்பிள்ளையும் பொட்டில வச்சுத்தான் கொண்டு வருவாக. நெஞ்சோட சுத்தி யாரு கொண்டாந்தா?"ன்னு இப்பவும் சொல்லுவாக. நேத்தும் சொன்னாக.

உம்மா வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா அந்த மிஷினத்தான் ஜன்னல் ஓரமா வச்சுச்சு. நான் தெனமும் கேப்பேன், "லீவு எப்ப முடியும்?" உம்மா தச்சுக்கிட்டே இருக்கும். லீவு முடியவே இல்ல. வாப்பா கேம்ப்ல தங்கி அனுப்புன காசு வர்ற மாசம் வரும், வராத மாசம் வராது. அந்த மிஷின்லதான் எங்க சோறு வந்துச்சு. எட்டாவதோட என்னய நிறுத்துனப்ப நானும் அதுலதான் உக்காந்தேன். இப்பவும் அதுலதான் தைக்கிறேன். அன்னைக்கு அந்த ரப்பர் பட்டைக்குள்ள போனது எங்களோட மிச்ச வாழ்க்கைன்னு எனக்குத் தெரியல. சாச்சா கூத்து கட்டுறாகன்னு நெனச்சுக் கை தட்டிக்கிட்டு இருந்தேன். ரோமி அங்கிளுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தப் போலீஸ்காரருக்குக் கூட ஏதோ தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.

நம்ம மெக்சிகோ அதுக்கப்புறம் கீழ எறங்கி, பழைய டிவிஷன்ல திரும்ப ஜெயிச்சு, மரியாதையா ஓய்வு வாங்கிட்டான். சாச்சாவும் கம்பெனில கணக்க முடிச்சுட்டு ஊரோட வந்தாக. வந்து கொஞ்ச நாள்லயே வயித்துல நோவு. ஒடம்பு எறங்க ஆரம்பிச்சுச்சு. "பாரு புள்ள, நானும் டிவிஷன் எறங்குறேன். மெக்சிகோ மாதிரி"ம்பாக. கடைசித் தடவ ஆஸ்பத்திரில எடை பாக்கக் கூப்புட்டப்ப, மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடியே கண்ண மூடி, "நாப்பத்தியொண்ணு"ன்னாக. நர்சு பாத்துட்டு நாப்பத்தியொண்ணுன்னுச்சு. என் ஆயுசுல அவுக சரியாச் சொன்னது அந்த ஒரு தடவதான். "பாத்தியா? பாத்தியா?"ன்னு என்னயப் பாத்து என்னா ஒரு பெருமை. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்துதான் அடுப்படில போயி நின்னேன்.

ஒரு வெள்ளிக்கிழம, விடியக்கால சுபுஹு தொழுக முடிஞ்ச நேரம். சாச்சி யாசீன் ஓதிக்கிட்டு இருக்காக, நான் கால் பக்கம் இருந்தேன். மூஞ்சில அத்தன நாளா இருந்த அந்தச் சுருக்கம் அப்படியே விட்டுப் போச்சு. இறுக்கிக் கட்டுன கயித்த யாரோ அவுத்து விட்ட மாதிரி. நான் அல்ஹம்துலில்லாஹ்ன்னுதான் சொன்னேன். அல்லாவுக்கே புகழ்னு.

நான் தைக்கிறவ. எத்தனையோ பேருக்குத் தச்சுக் குடுத்திருக்கேன். அவுகளுக்குன்னு கடைசியா எடுத்த துணில தையலே கெடையாது. வெள்ளத் துணி, மூணு. மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா சுத்தி விட்டாங்கன்னு, இப்ப ஊரோட இருக்குற வாப்பா வந்து சொன்னாக. எனக்கு அந்த ஏர்போர்ட்டுதான் கண்ணுல வந்துச்சு. இந்தத் தடவ எடை பாக்க ஆளில்ல. நிறுத்தி அவுத்துப் பாக்கவும் ஆளில்ல.

இதப் படிக்கிற எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்க ஜமால் சாச்சாவுக்காக துஆ செய்யுங்க. முஸ்லிமா இல்லாதவங்க உங்க வழக்கப்படி வேண்டிக்கங்க, அவுகளுக்கு எல்லா ஊருலயும் சிநேகிதம் உண்டு. ரெண்டு கிலோலகூட மனுஷன் தலையெழுத்து மாறும்னு சொன்ன ஆளு அவுக. மறுமையில மீஸான் தராசுல அவுக நன்ம வைக்கிறப்ப, அந்தத் தையல் மிஷினையும் சேத்து வைக்கச் சொல்லிக் கேளுங்க. அது நல்ல கனம்.